ரொஸ்மீட் பிளேஸ் வீடும் மலையகத்து லயங்களும்

உயர்பதவி வகித்த பெண்களின் வாழ்க்கை வரலாறுகளில் அலுவலகமும் வீடும் பெரும்பாலும் தனித்தனி அத்தியாயங்களாகவே எழுதப்படுகின்றன. முன்னதில் சட்டங்களும் தேர்தல்களும் ஒப்பந்தங்களும் இடம்பெற, பின்னதில் கணவர், பிள்ளைகள், சில குடும்பப் புகைப்படங்கள் என்பன வந்து சேர்கின்றன. உலகின் முதலாவது பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் வாழ்க்கையை அவ்வாறு பிரித்து எழுத இயலாது. அவரது கட்சி அதிகாரமிழந்த காலத்தில் அக்கட்சிக்குள் தோன்றிய பெரும் பிளவுகள், அவரது பிள்ளைகளுக்கிடையே தோன்றிய பிளவுகளாகவும் இருந்தன; அவர் மூன்றாம் முறை பிரதமரானபோது அவருக்குப் பதவி வழங்கிய ஜனாதிபதி அவருடைய சொந்த மகளே. மலையக வாசகருக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. குடும்பத்தையும் ஆட்சியையும் ஒரே கையில் பிடித்து நின்ற அந்தப் பெண்மணி புதுடில்லியில் இட்ட கையெழுத்து ஒன்று, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பொல்பிட்டிய என்று நீளும் மலைகளில் வாழ்ந்த குடும்பங்களை எவ்வாறு பாதித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய வெற்றியை அளவிடுவது அரைக்கணக்காகவே முடியும்.

1916ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி சப்ரகமுவப் பகுதியில் பிறந்த சிறிமா ரத்வத்தை, கண்டிய அரசுக் காலம் முதல் நிலமும் நிருவாகப் பதவிகளும் கைமாறாது வைத்திருந்த ‘ரதல’ எனப்படும் உயர்குடி ஒன்றின் மூத்த பிள்ளை. இத்தகைய குடும்பங்களின் பெருவீடு சிங்களத்தில் ‘வளவ்வ’ என்றும் தமிழ்ப் பேச்சில் ‘வளவு’ என்றும் வழங்கும். அது குடியிருப்பு மாத்திரமன்றி, சுற்றுவட்டாரக் குடிமக்கள் முறையிடவும் உதவி கேட்கவும் வந்து நிற்கும் அலுவலகமும் ஆகும். வீட்டின் முன்மண்டபத்திலேயே பொதுக்காரியம் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, வீடு வேறு அலுவலகம் வேறு என்ற நகர நடுத்தர வர்க்கத்துப் பிரிவினை இயல்பாகத் தோன்றியிருக்க இடமில்லை என்பது இங்கே கருதத்தக்கது. கொழும்பு பிரிஜட் கன்னியர் மடப் பாடசாலையில் கற்ற அவர், 1940 ஒக்டோபரில், தம்மைவிடப் பதினேழு வயது மூத்தவரும் அரசாங்க சபையில் அமைச்சராக இருந்தவருமான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்தார். கண்டிய உயர்குடியையும் கரையோர உயர்குடியையும் இணைத்த அந்தத் திருமணம் அக்காலப் பத்திரிகைகளில் பெருநிகழ்வாகப் பேசப்பட்டது.

அவருடைய பொதுவாழ்வு கணவரின் மரணத்துக்குப் பின்னரே தொடங்கியது என்று சொல்லப்படுவதுண்டு. அது முற்றிலும் சரியன்று. திருமணமான மறுவருடமே அவர் லங்கா மகிளா சமித்தியில் சேர்ந்தார். கிராமப் பெண்களுக்குச் சுகாதாரம், போசாக்கு, கைத்தொழில், வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கற்பித்த அந்த அமைப்பில், வைத்தியர் மேரி ரட்ணத்தின் வழிகாட்டலில் உருவான பெண்கள் வலையமைப்பு ஒன்று நாடெங்கும் பரவியிருந்தது. சிறிமா அதன் பல பொறுப்புகளை வகித்துப் பின்னர் தலைவியாகவும் ஆனார். 1943இல் சுனேத்திரா, 1945இல் சந்திரிகா, 1949இல் அநுர என மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்த அதே ஆண்டுகளில், அவர் கிராமங்களுக்குச் சென்று வந்துகொண்டிருந்தார். கணவர் 1951இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு வந்துபோன கட்சிக்காரர்களுக்குச் சோறு போட்டவரும் அவர்களுடைய பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றை நினைவில் வைத்திருந்தவரும் அவரே. அரசியல் ஆய்வாளர்கள் இதை உழைப்பாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் பின்னாளில் அவர் கட்சியைக் கட்டிப்பிடித்து வைத்திருந்ததற்கு இந்த அறிமுகங்களே பெருமளவு கைகொடுத்தன.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி அந்த வீட்டு விறாந்தையிலேயே பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு மறுநாள் இறந்தார். மூத்த மகளுக்குப் பதினாறு, இளைய மகளுக்குப் பதினான்கு, மகனுக்குப் பத்து வயது. தலைவரை இழந்து சிதறத் தொடங்கிய கட்சி விதவையின் பக்கம் திரும்ப, 1960 மார்ச் தேர்தலில் பிரசாரம் செய்தவர் யூலைத் தேர்தலில் கட்சியின் தலைவியானார். 151 தெரிவு ஆசனங்களில் 75ஐ அக்கட்சி வென்றது. தாம் தேர்தலில் நிற்காமலே யூலை 21ஆம் திகதி பிரதமராகப் பதவியேற்ற அவர், அதன் பின்னர் நியமன உறுப்பினர்களையும் கொண்ட மேல்சபையான செனற் சபை வழியாகப் பாராளுமன்றத்துக்குள் வந்தார். தென்னாசியாவில் பெண்கள் உயர்பதவிக்கு வந்த பாதையை விளக்கும் ஆய்வாளர்கள், கொல்லப்பட்ட அல்லது மறைந்த தலைவனின் மனைவியோ மகளோ அவனது இடத்தை நிரப்பும் இந்த முறையை ‘குடும்ப வாரிசு அரசியல்’ என்பர். அதில் பெண்ணுக்குக் கதவு திறப்பது குடும்பப் பெயர்; பதவியில் நிலைக்க வைப்பது அவளது திறமை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது சிறிமாவோவின் எதிராளிகள் நெடுங்காலம் செய்த காரியம். மூன்று தடவைகளில் ஏறத்தாழ பதினேழரை ஆண்டுகள் பிரதமராக இருந்ததை விதவை அனுதாபம் ஒன்றைக்கொண்டு விளக்க முடியாது.

அவர் ஏற்ற வேலையின் கனம் சாதாரணமானதன்று. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அவர் கையிலேயே இருந்தன. உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது, 1961இல் வடக்குகிழக்கில் நடந்த சத்தியாக்கிரகமும் அதற்கெதிரான அவசரகாலச் சட்டமும், 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் சதிமுயற்சி, அதே ஆண்டின் இறுதியில் இந்திய–சீனப் போரைத் தணிக்கக் கொழும்பில் கூட்டிய மாநாடு, எண்ணெய்க் கம்பனிகளின் தேசியமயம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்த விவகாரங்களுக்கிடையே வளர்ந்தவர்கள்தாம் அந்த மூன்று பிள்ளைகளும். அவர்கள் வளர்ந்த விதத்தைப் பார்த்தால், ‘சமநிலை’ என்று இன்று பேசப்படுவது எவற்றின்மேல் நின்றது என்பது தெரியவரும்: பரம்பரைச் சொத்து, வேலைக்காரர் நிறைந்த வீடு, தாய்வழிச் சகோதரர்களின் ஆதரவு, பின்னர் ஒக்ஸ்போர்ட், பாரிஸ், இலண்டன் எனப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டுப் படிப்பு. சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் சம்பளமில்லாத வீட்டுவேலையும் ஒரே பெண்ணின் தலையில் விழுவதைச் சமூகவியலாளர் ‘இரட்டைச் சுமை’ என்பர். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் வெளியிட்ட நூலில், அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குக் காத்திருக்கும் உழைப்பை இரண்டாவது வேலைநேரமாகவே எண்ணினார். சிறிமாவோவுக்கு அந்த இரண்டாவது வேலைநேரத்தைச் சுமந்தவர்கள் பிறர்.

இதே ஆண்டுகளில் அவருடைய ஆட்சிக்குட்பட்ட மலைத் தோட்டங்களில் முழுநேரச் சம்பளத் தொழிலாளியாக இருந்த பெண்ணின் நாள் எப்படியிருந்தது என்பதை ஒருகணம் அருகே வைத்துப் பார்ப்பது பொருந்தும். விடியுமுன் எழுந்து, லயம் எனப்படும் தோட்ட வரிசைவீட்டுக் காம்பராவின் அடுப்பில் ரொட்டி சுட்டு, பெரட்டுக்களத்தில் கங்காணி ஆள்கணக்கு எடுக்குமுன் போய்ச் சேர்ந்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேற வேண்டும். குறித்த இறாத்தல் கொழுந்து நிறைந்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாளைய வேலை சம்பளப் பதிவேடான செக்ரோலில் பதியப்படுவதையே தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் சுமந்து திரும்பிய பின் சமையல். அவள் பெயரில் விழுந்த சம்பளத்தைக் கணவனே சென்று வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. லக்ஷபான நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு 75 மெகாவொற் மின்சாரம் பிறப்பிக்கும் திறனுடன் பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியபோதும், அந்த மலைகளைச் சூழ்ந்த லயங்கள் பலவற்றில் மேலும் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தொழிலும் குடும்பமும் என்ற கேள்வி எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது என்று சொல்லப்படும்போது, யார் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

எனினும் வசதி எல்லா உரசலையும் தீர்த்துவிடவில்லை. 1960இல் நிதியமைச்சராக நியமிக்கப்பட்ட பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க முப்பது வயதைத் தொடாதவர், குடும்ப உறவினர்; தனிச்செயலாளராக இருந்தவர் பிரதமரின் சொந்தச் சகோதரர் மக்கி ரத்வத்தை. இடையில் ஆட்சியிழந்த சிறிமாவோ 1970இல் இடதுசாரிகளுடன் கூட்டுச்சேர்ந்து பெருவெற்றியுடன் திரும்பியபோது அடுத்த தலைமுறையும் உள்ளே வந்தது. சுனேத்திரா தாயின் அலுவலகத்தில் பணியாற்றினார். அவருடைய கணவர் குமார் ரூபசிங்க ‘ஜனவேகய’ என்ற இடதுசாரி இளைஞர் குழுவையும் அதன் பத்திரிகையையும் வழிநடத்தினார். பாரிசில் அரசியல் விஞ்ஞானம் கற்றுத் திரும்பிய சந்திரிகா காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிலும், அரசு பொறுப்பேற்ற காணிகளில் கூட்டுப்பண்ணைகளை அமைத்த ஜனவாச ஆணைக்குழுவிலும் பதவி வகித்தார். இலண்டனிலிருந்து வந்த அநுர கட்சியின் இளைஞர் பிரிவைத் தம் பக்கம் திரட்டினார். நம்பத்தக்கவர் உறவினரே என்று கணவரைக் கொலையில் இழந்து, சதிமுயற்சி ஒன்றிலும் தப்பிய பெண் நினைத்ததில் புரிந்துகொள்ள முடியாதது எதுவுமில்லை. ஆனால் பிள்ளைகள் வெவ்வேறு அரசியல் அணிகளில் நிற்கத் தொடங்கியபின், அமைச்சரவைப் பூசல் எது, வீட்டுச் சண்டை எது என்று பிரித்தறிய இயலாத நிலை வந்தது. இடதுசாரி மகளையும் மருமகனையும் ஆதரித்தால் வலதுபுறம் சாய்ந்த மகனுக்குக் கோபம்; மகனை முன்னிறுத்தினால் மகள்மாருக்குக் குறை. தாயாகச் சமாதானம் செய்யவேண்டிய இடத்திலெல்லாம் அவர் கட்சித் தலைவியாகத் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது, தலைவியாகத் தீர்ப்புச் சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் தாயாக மௌனம் காத்தார் என்பதே அக்காலத்தைப் பார்க்கும்போது தோன்றும் முடிவு.

1977ஆம் ஆண்டுத் தேர்தல் அந்த அரசாங்கத்தை அடித்துச் சென்றது. உணவுத் தட்டுப்பாடு, பங்கீட்டு வரிசைகள், வேலையின்மை, அரசியலமைப்பு மாற்றத்தைக் கொண்டு இரண்டாண்டு நீட்டப்பட்ட ஆட்சிக்காலம் ஆகியவற்றுக்கு நாடு பதில் சொன்னபோது, 168 ஆசனங்களில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே மிஞ்சின. மலையகத்தில் அந்த ஆட்சியின் நினைவு இன்னும் கசப்பானது. 1973–74இல் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது, கடையில் வாங்கவும் காணியில் விளைவிக்கவும் வழியற்ற தோட்ட மக்களிடையே பட்டினி பரவி மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. காணிச் சீர்திருத்தத்தின் கீழ் 1972இலும் 1975இலும் அரசு பொறுப்பேற்ற தோட்டங்களில் தொழிலாளர் வெளியேற்றப்படும் அச்சம் நிலவியது. தோட்டக் காணியைப் பிரித்தளிப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளரிடையே, 1977 மே மாதத்தில், தலவாக்கலைக்கு அருகேயுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இரண்டு மாதங்கள் கழித்து நடந்த தேர்தலில், மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்கவுடனும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமானுடனும் சேர்ந்து பாராளுமன்றம் சென்ற எதிர்க்கட்சி இளைஞர், இருபத்தெட்டு வயது அநுர பண்டாரநாயக்கவே. குடும்பத்தின் அடுத்த வாரிசு முதன்முதலாகப் பாராளுமன்றத்தில் காலெடுத்து வைத்தது தேயிலை மலைகளின் ஆசனம் ஒன்றிலிருந்து என்பதை மலையகத்தாரே பலர் மறந்துவிட்டனர்.

அடுத்த அடி 1980 ஒக்டோபரில் விழுந்தது. விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையை வைத்து, ஆட்சிக்காலத்தை நீட்டியமை உள்ளிட்ட அதிகாரத் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுகளின்பேரில், சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்துப் பாராளுமன்றத்திலிருந்தும் அவரை நீக்கியது, 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். குடியியல் உரிமை என்பது இங்கே வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் பிறருக்காக மேடையேறிப் பிரசாரம் செய்யவும் உள்ள உரிமை. அது பறிபோனால் கட்சித் தலைவி பெயரளவிலேயே தலைவி. அந்த வெற்றிடத்தில்தான் பிள்ளைகளின் போட்டி முற்றியது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி வேட்பாளர் ஹெக்டர் கொப்பேகடுவவுக்காக ஊரூராகக் கூட்டம் சேர்த்தவர், சந்திரிகாவை 1978இல் மணந்திருந்த சினிமா நட்சத்திரம் விஜய குமாரதுங்க. தேர்தல் முடிந்தபின் ‘நக்சலைட்’ சதி என்ற குற்றச்சாட்டில் சிறைவைக்கப்பட்டவரும் அவரே. கட்சித் தலைமை மகனுக்கே செல்லும் என்று பரவலாகக் கருதப்பட்ட நிலையில், 1984இல் சந்திரிகாவும் விஜயவும் வெளியேறி ஸ்ரீலங்கா மகாஜனக் கட்சியைத் தொடங்கினர். ஒரே வீட்டில் பிறந்த இருவர் எதிரெதிர் மேடைகளில் நிற்க, தாய் சட்டத்தால் வாய்கட்டப்பட்டிருந்தார். அநுர 1983 முதல் பாராளுமன்ற எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1986இல் உரிமைகள் மீளக் கிடைத்ததும் தாய் மீண்டும் களத்துக்கு வந்து, 1988 ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவிடம் தோற்று, 1989இல் தாமே எதிர்க்கட்சித் தலைவியானார். மகனின் இடத்தில் தாய் அமர்ந்ததை அநுர எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அவருடைய பிற்காலச் செயலே விடை.

இதற்கிடையில் 1988 பெப்ரவரி 16ஆம் திகதி விஜய குமாரதுங்க தம் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். சந்திரிகா தம் தாயின் வரலாற்றையே திரும்ப வாழத் தொடங்கினார்: கொல்லப்பட்ட கணவன், சிறு பிள்ளைகள், அரசியல் அழைப்பு. ஆனால் தாயைப்போல் உடனே பதவிக்கு விரையாமல், மகள் யசோதராவையும் மகன் விமுக்தியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். பிள்ளைகளின் உயிருக்காகத் தொழிலை ஒத்திவைத்த அந்த இடைவெளி அவருடைய அரசியல் வாழ்வைக் கெடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தாயின் கட்சிக்குத் திரும்பிய அவர் 1993 மே மாதத்தில் மேல் மாகாண முதலமைச்சரானார். தலைமை அக்காளுக்குப் போவதைக் கண்ட அநுர அதே ஆண்டில், தந்தை விட்டு விலகிய ஐக்கிய தேசியக் கட்சியிலேயே போய்ச் சேர்ந்து அமைச்சரானார். 1994 ஆகஸ்டில் சந்திரிகா பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி, தாய் பிரதமர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடமே குவிந்திருந்தபடியால், ஒருகாலத்தில் நாட்டை ஆண்ட பெண் இப்போது மகளின் கீழே பெயரளவுப் பிரதமராக இருந்தார்.

அயல்நாட்டு வரலாறும் இதையொத்தது. பாகிஸ்தானில் பெனாசிர் பூட்டோ 1990 ஜனவரியில், பதவியிலிருந்தபடியே குழந்தை பெற்ற முதலாவது பிரதமராகப் பாராட்டப்பட்டார். ஆனால் கட்சி வாரிசுரிமை தம்பி முர்தசாவுக்கா தமக்கா என்ற போட்டியில், மகன் பக்கம் நின்ற தாய் நுஸ்ரத்தை 1993இல் கட்சித் தலைமையிலிருந்து அகற்றியதும், 1996 செப்டெம்பரில் அக்காள் பிரதமராக இருக்கும்போதே முர்தசா கராச்சியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் அந்தக் குடும்பத்தை மீளாதபடி உடைத்தன. இந்திரா காந்தியின் வீட்டிலிருந்து 1982இல் இளைய மருமகள் மேனகா வெளியேறியதும் தெரிந்த செய்தி. வேலைப்பளு குடும்பத்தைப் பிரித்தது என்று இவற்றை வாசிப்பது மேலோட்டமானது. இந்த வீடுகளில் பதவியே பரம்பரைச் சொத்தாகிவிட்டது. சொத்து இருக்கும் வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை வருவதற்குத் தாய் அலுவலகம் போகவேண்டியதில்லை. ஆண் தலைவர்களின் குடும்பங்களிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அப்போது அதைக் குடும்பத்தை அலட்சியம் செய்த தந்தையின் குறையாக யாரும் எழுதுவதில்லை.

ஆகவே சிறிமாவோ நல்ல தாயா என்ற கேள்வியைவிட, அதிகாரம் கையிலிருந்த காலத்தில் பிறர் குடும்பங்களை எவ்வாறு எண்ணினார் என்ற கேள்வி பயனுள்ளது. அதற்கான விடை மலையகத்தில் இருக்கிறது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களாலும் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கப்பட்டிருந்தனர். நாடற்றவர் என்றால் எந்த அரசும் தன் பிரசை என்று ஏற்காதவர். அதைச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சி. அந்தச் சிக்கலுக்கு முடிவு காண்பதாகக் கூறி 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் சிறிமாவோ செய்த உடன்படிக்கையில், அவ்வாறு நாடற்றவராக மதிப்பிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அந்த எச்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டனர். இரண்டு ஆவணங்களுக்கும் முன் தோட்ட மக்களிடமோ அவர்களின் தொழிற்சங்கங்களிடமோ சம்மதம் கேட்கப்படவில்லை. கணவரையும் தந்தையையும் பின்பற்றி ஆட்சிக்கு வந்த இரண்டு பெண்கள், தத்தம் பிள்ளைகளை அரசியலில் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒன்றரை இலட்சம் பேரை இரண்டாக வகுத்த அந்த நாளை பெண் தலைமையின் வரலாற்றில் யாரும் விரும்பி எழுதுவதில்லை.

எண்ணிக்கையைவிட அதை நடைமுறைப்படுத்திய விதமே குடும்பங்களை வெட்டியது. ஏழு பேருக்கு இந்தியா, நான்கு பேருக்கு இலங்கை என்ற விகிதம் பேணப்படவேண்டும். 1970இல் வந்த அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, ஏழு பேர் உண்மையிலேயே கப்பலேறிய பின்னரே நான்கு பேருக்குப் பிரசாவுரிமை என்றாக்கியது. ஒரு லயத்தில் இருப்பவர் நிரந்தரமாக இருப்பதற்கு இன்னொரு லயத்தில் இருப்பவர் போயாகவேண்டும். விண்ணப்பம் குடும்பத் தலைவன் பெயரில் செய்யப்பட்டபடியால், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மணமான அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக்கொடுத்த வீடுகள் ஏராளம்; கல்யாணமாகிப் போன மகள் புகுந்த வீட்டாரின் விண்ணப்பத்தோடு போக, பெற்றவர் இங்கேயே தங்கினர். விசா முடிந்ததும் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் பெற்று, குடும்பமொன்று எடுத்துச் செல்லக்கூடியதாக உடன்படிக்கையில் குறித்த சொற்ப தொகையுடன், ஹட்டன் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னாருக்குப் போய் இராமேசுவரம் கப்பலைப் பிடிக்கவேண்டும். வழியனுப்ப வந்தோர் அழுத அழுகையால் அந்த வண்டிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளுக்கும், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968இல் தொடங்கிப் பின்னர் டான்டீ என்ற பெயர் பெற்ற தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழ்நாட்டின் முன்பின் அறியாத ஊர்களுக்கும் சிதறினர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றபின், பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் பார்ப்பதற்கான கடைசி மலிவான வழியும் அடைபட்டது. கடிதமே உறவாயிற்று, எழுதத் தெரியாத தாய்மாருக்கு அதுவும் பிறர் கைவழியே நடந்தது.

கொழும்புக் குடும்பத்தின் பிரிவும் மலையகக் குடும்பங்களின் பிரிவும் துன்பத்தில் ஒன்றானவை என்று சொல்லிச் சமன்செய்துவிட முடியாது. ரொஸ்மீட் பிளேஸ் வீட்டார் எந்தக் கட்சிக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதைத் தாமே தீர்மானித்தனர். திரும்பி வந்தபோது பதவியும் காத்திருந்தது. 2000 ஆகஸ்டில் உடல்நலம் குன்றிப் பிரதமர் பதவியை விட்ட சிறிமாவோ, ஒக்டோபர் 10ஆம் திகதி பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் கடவத்தையில் மாரடைப்பால் காலமானார். எட்டு நாட்கள் கழித்துக் கூடிய புதிய பாராளுமன்றம் அநுரவைச் சபாநாயகராகத் தெரிவுசெய்தது. அப்போது ஜனாதிபதி அவருடைய அக்காள். பின்னர் அவர் தாயின் கட்சிக்கும் திரும்பி, அக்காளின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கான இறுதித் தீர்வு, 1988ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்த குறையை நிரப்பிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. தொழிற்சங்கங்களும் மலையகக் கட்சிகளும் தசாப்தக் கணக்கில் போராடிப் பெற்ற அச்சட்டம் சந்திரிகா ஜனாதிபதியாக இருந்த காலத்தில், ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்த பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இலங்கையில் நிரந்தரமாக வதிந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் அதன்மூலம் பிரசைகளாயினர். எந்த நாள் தொட்டு வதிந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் குறித்த திகதி, 1964 ஒக்டோபர் 30.